பால் பிரெட்டின் மென்மை எங்கே இருக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

பால், வெண்ணெய், முட்டை, சர்க்கரை சேர்த்து வீட்டிலேயே செய்யும் பால் பிரெட் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறோம். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குறைதான்: "சுட்ட அன்று நன்றாக இருக்கிறது, மறுநாளே வறண்டுவிடுகிறது." இதற்காக வெண்ணெயின் அளவைக் கூட்டிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். வெண்ணெய் ஓரளவு கை கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் மென்மையில் பெரும்பங்கு மாவை எவ்வளவு தூரம் பிசைந்தீர்கள், அது எவ்வளவு ஈரத்தைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது என்ற இரண்டில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு லோஃபுக்குச் சரியான அளவும் செய்முறையும் வேண்டும். கப் கணக்கில் சொன்னால் நல்லது.

கப் கணக்கில் சொல்ல மாட்டோம், மன்னியுங்கள். ஒரே கப்பில் மாவை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் இன்னொரு எடை. இரண்டுக்கும் 20, 30 கிராம் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசமே மென்மையான பிரெட்டைக் கட்டிப் பிரெட்டாக மாற்றப் போதும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். பாலையும் கிராமிலேயே அளக்கலாம்.

முதலில் பால் கூழ்: மாவு 20 கிராம், பால் 100 கிராம்.

பிறகு மாவுக் கலவை: புரதம் அதிகமுள்ள பிரெட் மாவு 300 கிராம், பால் 100 கிராம், முட்டை ஒன்று (ஓடு நீக்கி 50 கிராம்), சர்க்கரை 40 கிராம், பால் பவுடர் 12 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம் (ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதல்), தூள் உப்பு 6 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம். வெண்ணெய் விரல் வைத்தால் அமுங்கும் பதத்தில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது.

கூழுக்கான மாவைப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். 65 டிகிரி செல்சியஸை எட்டும்போது கெட்டியாகும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடியில் தடம் விழுந்து சில நொடி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் உடனே இறக்கிவிடுங்கள். கொதிக்க விட வேண்டாம். ஆடை கட்டாமல் மேலே ஒட்டினாற்போல மூடி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே வரும்வரை ஆற விடுங்கள்.

வெண்ணெய் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் கூழோடு சேர்த்துக் கலக்கி, 20 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு எட்டு, பத்து நிமிடம் பிசைந்து, வெண்ணெயை மூன்று நான்கு பங்காகச் சேர்த்து மறுபடி பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். இரண்டு மடங்காக உப்பும்வரை மூடி வையுங்கள். காற்றை இறக்கி மூன்று பங்காக்கி, 15 நிமிடம் ஓய்வு கொடுத்து, சுருட்டி டின்னில் வைத்து இரண்டாம் முறை உப்ப விடுங்கள். முன்பே சூடாக்கிய ஓவனில் 175 முதல் 180 டிகிரியில் 32 முதல் 35 நிமிடம் சுட்டு எடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கீழே வரும் பதில்களில் விரிவாகச் சொல்கிறோம்.

மொத்த மாவு உருண்டை ஏறத்தாழ 670 கிராம் வரும். 21 × 11 செ.மீ. டின் அல்லது 23 × 13 செ.மீ. டின் இதற்கு ஏற்றது. உங்களிடம் இருக்கும் டின் வேறு அளவு என்றால், அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடை போட்டு, அந்த எடையை 2.4ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த டின்னுக்கு வேண்டிய மாவு உருண்டையின் எடை கிடைத்துவிடும்.

கேள்வி: பால் கூழ் கட்டாயமா? நேரடியாக அந்தப் பாலை மாவில் ஊற்றிப் பிசைந்தால் என்ன?

ஊற்றிப் பாருங்கள், பிசையவே முடியாது. கூழின் பயன் அதில்தான் புரியும். பச்சை மாவிலுள்ள மாவுச்சத்து குளிர்ந்த பாலை மிகக் கொஞ்சம்தான் உறிஞ்சும். 65 டிகிரி சூட்டில் அதன் துகள்கள் வீங்கி, தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரம் பிசையும்போது வெளியே கசிந்து கையில் ஒட்டாது. ஓவனிலும் எளிதில் ஆவியாகாது. ஆகவே அதிகப் பாலை மாவுக்குள் செலுத்திவிட்டு, அது குறைவாக ஊற்றியது போலவே கையாள முடிகிறது. மறுநாளும் மூன்றாம் நாளும் பிரெட் வறளாமல் இருப்பது இதனால்தான்.

கிழக்காசியாவில் இந்த உத்தி இரண்டு விதமாக இருக்கிறது. ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு திரவம் சேர்த்து அடுப்பில் கிளறுவது தாங்ஜோங். ஒரு பங்கு மாவில் ஒரு பங்கு கொதிநீரை ஊற்றிக் கிளறி, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது யுதானே. யுதானேயில் பிரெட் சற்று மெல்லும் பதத்தோடு வரும், தாங்ஜோங்கில் இழை இழையாகப் பிரியும். முதல்முறை செய்பவர்களுக்குத் தாங்ஜோங்தான் எங்கள் சிபாரிசு. அன்றே செய்து முடித்துவிடலாம்.

மொத்த மாவில் ஐந்து முதல் ஏழு சதவீதம் கூழுக்குப் போனால் போதும். 'கூழ் நல்லதுதானே' என்று அளவை இரட்டிப்பாக்கினால் பிரெட்டின் நடுப்பகுதி பிசுபிசுக்கும். சூடான கூழை அப்படியே மாவில் கொட்டுவது இன்னொரு தவறு. அது மாவின் சூட்டை ஏற்றி, ஈஸ்டைத் தேவைக்கு முன்பே ஓட வைக்கும்; 55, 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்தே போகும்.

கேள்வி: இருபது நிமிடம் பிசைந்தும் மாவு கையிலும் பலகையிலும் ஒட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாவு தூவிச் சரிசெய்தேன். பிரெட் கல் மாதிரி வந்துவிட்டது. எங்கே தப்பு?

தூவிய மாவில்தான். பால் பிரெட்டைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இந்த மாவு முதல் பத்து நிமிடம் ஒட்டத்தான் செய்யும். ஒட்டுவது பால் கூடிவிட்டதன் அடையாளம் இல்லை. குளூட்டன் வலை (மாவின் புரதம் ஈரத்தோடு சேர்ந்து பின்னும் இழுபடும் வலை) இன்னும் உருவாகவில்லை என்பதன் அடையாளம். வலை உருவாக உருவாக ஈரம் அதற்குள் அடங்கிவிடும், மாவு தானாகவே கையை விட்டுப் பிரியும். இடையில் இரண்டு கைப்பிடி மாவு தூவினால் 50, 60 கிராம் கூடுதலாகப் போய்விடும். மொத்தம் 320 கிராம் மாவில் அது மிகப் பெரிய பங்கு.

கையால் பிசைபவர்கள் செய்ய வேண்டியது: கலந்தவுடன் 20 நிமிட ஓய்வைத் தவறவிடாதீர்கள். அந்த நேரத்தில் மாவு பாலை உறிஞ்சிக்கொண்டு, நீங்கள் கை வைக்காமலேயே குளூட்டன் உருவாகத் தொடங்கிவிடும். பிறகு பலகையில் போட்டு, விரல் நுனியால் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, பலகையில் அடித்து, நீளும் பகுதியை அதன் மேலேயே மடியுங்கள். கால் சுற்று திருப்பி மறுபடி அதையே செய்யுங்கள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதைவிட இந்த ஈரமான மாவுக்கு இதுதான் பொருந்தும். பலகையில் அப்பியதை அவ்வப்போது பிளாஸ்டிக் வழிப்பானால் வழித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கை மிகவும் ஒட்டினால் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொள்ளலாம். மாவு மட்டும் தூவக் கூடாது.

வெண்ணெய் சேர்த்ததும் நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள். அழகாகத் திரண்டிருந்த மாவு திடீரென்று பிய்ந்து, வழுக்கி, துண்டு துண்டாக நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிசையுங்கள், வெண்ணெய் உள்ளே போய் மாவு முன்பைவிடப் பளபளப்பாகத் திரண்டு வரும். வெண்ணெயைத் தொடக்கத்திலேயே சேர்க்கச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. கொழுப்பு மாவின் புரதத்தைச் சுற்றிப் படர்ந்துகொண்டால் அது ஈரத்தோடு சேர்ந்து வலை பின்னுவது தாமதமாகும். முதலில் வலை, பிறகு வெண்ணெய்.

பிசைந்தது போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரே நம்பகமான சோதனை இதுதான். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி எடுத்து, இரண்டு கை விரல்களாலும் நான்கு பக்கமும் மெதுவாக இழுங்கள். கிழியாமல், பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக விரிய வேண்டும். இன்னும் இழுத்தால் ஓட்டை விழும். அந்த ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். பிசிறு பிசிறாகக் கிழிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பிசைய வேண்டும். விளிம்பு வழவழப்பான வட்டமாக இருந்தால் நிறுத்திவிடலாம். பால் பிரெட்டைப் பிய்க்கும்போது இழை இழையாகப் பிரிகிறதே, அது இந்தச் சவ்வில்தான் தொடங்குகிறது.

மிக்ஸர் வைத்திருப்பவர்கள் கலக்கும்போது மெதுவான வேகத்தில் 3 நிமிடம், வெண்ணெய்க்கு முன்னும் பின்னுமாக நடுத்தர வேகத்தில் மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஓட்டலாம். உயர் வேகம் வேண்டாம்; உராய்வில் மாவு சூடாகும். பிசைந்து முடித்த மாவின் நடுவே தெர்மாமீட்டரைச் செருகினால் 26, 27 டிகிரி காட்ட வேண்டும். 30ஐத் தாண்டினால் வெண்ணெய் கசிந்து, மாவு எண்ணெய்ப் பிசுக்கோடு தொய்ந்து போகும். அறை வெப்பமாக இருந்தால் பாலையும் முட்டையையும் குளிரக் குளிரவே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிரெட் மாவு கிடைக்கவில்லை. சாதாரண மைதாவில் வருமா?

வரும், உயரம் கொஞ்சம் குறையும், இழை சற்றுக் குட்டையாக இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பாருங்கள். 12 கிராமுக்கு மேல் இருந்தால் நமக்கு வேண்டியதேதான். 10 கிராம் என்றால், மொத்த மாவில் 10 கிராமை எடுத்துவிட்டு அதற்குப் பதில் 10 கிராம் குளூட்டன் பவுடர் சேர்த்தால் ஏறக்குறைய 12 கிராம் அளவுக்கு ஏறிவிடும். குளூட்டன் பவுடரை உலர்ந்த மாவோடு நன்றாகக் கலந்த பிறகே பால் ஊற்றுங்கள், இல்லையென்றால் திரித்திரியாகக் கட்டிவிடும். குளூட்டன் பவுடர் இல்லாமல் மைதாவில் மட்டும் செய்வதானால் பாலில் 15 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலைக் காய்ச்ச வேண்டுமா?

காய்ச்சி ஆறவைத்துச் சேர்ப்பதே நல்லது. பாலிலுள்ள மோர்ப்புரதம் குளூட்டனைத் தளர்த்தும் தன்மை கொண்டது. 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்தத் தன்மை போய்விடும், பிரெட் கூடுதலாக உயரும். ஆவியான ஈரத்துக்கு ஈடாக, காய்ச்சிய பிறகு எடை போட்டு அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஈஸ்டை இரண்டு மடங்கு போட்டேன். உப்பியது, ஆனால் பீர் வாடை. ஆக்டிவ் டிரை ஈஸ்டும் இன்ஸ்டன்ட் ஈஸ்டும் ஒரே அளவுதானா?

வாடைக்கு அந்த இரண்டு மடங்குதான் காரணம். ஈஸ்ட் அதிகமாக இருந்தால் மாவு ருசி ஏறுவதற்கு முன்பே உப்பிவிடுகிறது. நீங்கள் கவனிப்பதற்குள் எல்லை தாண்டியும் போய்விடுகிறது. அவசரம் என்றால் ஈஸ்டைக் கூட்டாமல் இடத்தின் வெப்பத்தைச் சற்றுக் கூட்டுங்கள்: அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு வைத்தால் போதும்.

அளவு ஒன்றல்ல. 5 கிராம் இன்ஸ்டன்ட்டுக்குப் பதில் ஆக்டிவ் டிரை 6 கிராம், பச்சை ஈஸ்ட் (உலர்த்தாத ஈஸ்ட்) 15 கிராம். ஆக்டிவ் டிரையை மட்டும் வெதுவெதுப்பான பாலில் பத்து நிமிடம் கரைத்து வையுங்கள். நுரைக்கவில்லை என்றால் அந்த ஈஸ்டை நம்பி மாவைக் கலக்க வேண்டாம்.

சர்க்கரை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சர்க்கரை கூடக் கூட ஈஸ்டுக்கு வேண்டிய ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், மாவு மெதுவாகத்தான் உப்பும். நாங்கள் சொன்ன 40 கிராம், மாவின் எடையில் பன்னிரண்டரை சதவீதம். சாதாரண ஈஸ்ட் இதைச் சமாளிக்கும். இன்னும் இனிப்பாக வேண்டும் என்பவர்கள் இனிப்பு மாவுக்கென்றே விற்கும் ஈஸ்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் தடவை எவ்வளவு நேரம், இரண்டாம் தடவை எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

28 டிகிரி அறையில் முதல் தடவை ஏறத்தாழ ஒரு மணி நேரம். 22 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இவை உத்தேசக் கணக்குதான். முடிவு மாவின் கையில். விரலை உலர்ந்த மாவில் தோய்த்து, உப்பிய மாவின் நடுவே இரண்டு கணு ஆழத்துக்குக் குத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் சரி. சட்டென்று மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். சுற்றிலும் காற்றுப் போய் அமுங்கினால் தாண்டிவிட்டது. முதல் தடவையில் தாண்டினால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. காற்றை இறக்கிச் சுருட்டி, இரண்டாம் தடவை கவனமாக இருந்தால் பிரெட்டைக் காப்பாற்றிவிடலாம்.

இரண்டாம் தடவையில் தவறினால்தான் மீட்க முடியாது. இங்கே குழி அப்படியே நிற்கக் கூடாது. லேசாக அழுத்திய தடம் மெதுவாக, பாதி அளவுக்கு மீண்டு வர வேண்டும். உயரத்தை வைத்தும் பார்க்கலாம். 21 செ.மீ. டின்னில் மாவின் நடு உச்சி விளிம்பைத் தாண்டி 1 செ.மீ. மேலே வர வேண்டும். 23 செ.மீ. டின் அகலம் என்பதால் விளிம்புக்கு 1 செ.மீ. கீழே இருக்கும்போதே ஓவனுக்குப் போகலாம். சீக்கிரமே ஓவனில் வைத்துவிட்டால் பக்கவாட்டில் வெடித்துப் பிளக்கும், அடிப்பகுதி நெருக்கமாகக் கட்டிப்படும். தாமதித்தால் ஓவனுக்குள் சரிந்து, மேல்தோல் சுருங்கி, புளித்த வாடை அடிக்கும். வைக்கும் இடம் 35 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அங்கே வெண்ணெய் உருகிப் பிரிய ஆரம்பிக்கும்.

இரவில் பிசைந்து காலையில் சுட நினைப்பவர்கள் ஈஸ்டை 3 கிராமாகக் குறைத்து, அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம் வைக்கலாம். மணமும் கூடும். வெண்ணெய் இறுகியிருப்பதால் சுருட்டவும் எளிது. மாவு குளிர்ந்திருப்பதால் இரண்டாம் தடவை உப்ப ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

கேள்வி: வெட்டினால் உள்ளே சுருள் சுருளாகப் பிரிகிறது. ஒரு இடத்தில் பெரிய பொந்து வேறு.

இரண்டுக்கும் காரணம் சுருட்டிய விதம். சுருளாகப் பிரிந்தால், தேய்க்கும்போது மாவோ எண்ணெயோ தூவியிருக்கிறீர்கள். அது அடுக்குகளை ஒட்ட விடாது. பொந்து விழுந்தால் காற்றுக் குமிழ் உள்ளே சிக்கியிருக்கிறது.

மூன்று பங்கையும் எடை போட்டுச் சமமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 220 கிராம் அளவில் வரும். உருட்டி மூடி 15 நிமிடம் விட்டால்தான் தேய்க்கும்போது திரும்பச் சுருங்காது. சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து மேலே, நடுவிலிருந்து கீழே என்று 20 × 12 செ.மீ. நீள்வட்டமாகத் தேயுங்கள். குமிழ்கள் ஓரத்துக்கு நகர்ந்து வரும், அங்கே உள்ளங்கையால் தட்டி உடைத்துவிடுங்கள். நீளவாட்டில் இரு பக்கத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி ஒருமுறை லேசாகத் தேய்த்து, கீழிருந்து பாய் சுருட்டுவது போல நெருக்கமாகச் சுருட்டுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம், மேல்தோல் கிழிந்துவிடும். இணைப்பைக் கிள்ளி மூடி, அந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி டின்னில் வையுங்கள். மூன்று சுருளின் சுழியும் ஒரே திசையில் இருக்கட்டும், சமமாக உயரும்.

கேள்வி: ஓடிஜியில் (மேலும் கீழும் சூடேறும் கம்பிகள் உள்ள சிறிய மின் ஓவன்) மேலே கருகிவிடுகிறது, உள்ளே வேகவில்லை.

பால் பிரெட் சீக்கிரம் நிறம் மாறத்தான் செய்யும். சர்க்கரையில் ஒரு பங்கை ஈஸ்ட் தின்றுவிடும். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை அதனால் தின்ன முடியாது, அது முழுசாக மிஞ்சி மேல்தோலைச் சிவக்க வைக்கும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

சிறிய ஓடிஜியில் டின் மேல் கம்பிக்கு மிக அருகில் நிற்கிறது, அதுதான் கருகலுக்குக் காரணம். கம்பித் தட்டைக் கடைசிக்கு முந்திய அல்லது கடைசிப் பள்ளத்தில் மாட்டுங்கள். உப்பிய பிரெட்டின் உச்சிக்கும் மேல் கம்பிக்கும் நடுவே குறைந்தது நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். இரண்டு கம்பிகளும் எரியும்படி வைத்து 15 நிமிடம் முன்சூடு கொடுங்கள். பிரெட் வைத்து 15, 20 நிமிடத்தில் வேண்டிய நிறம் வந்ததும் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போர்த்துங்கள். நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள். டின்னை முழுத் தட்டின் மேல் வைக்காமல் கம்பித் தட்டில் வைத்தால்தான் அடிக்கு வெப்பம் போகும். அடியில் ஈரமான கட்டிப் படலம் காண்பவர்களும் இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஓடிஜியின் திருகில் 180 என்று இருந்தால் உள்ளே 180 இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கருப்பு டின் வெப்பத்தை அதிகம் இழுக்கும், அதற்கு 10 டிகிரி குறையுங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் விசிறி ஓடுவதால் 15 டிகிரி குறைத்து 160, 165இல் சுடலாம். வெந்ததை உறுதி செய்ய நடுவே தெர்மாமீட்டரைக் குத்துங்கள்: 92 முதல் 94 டிகிரி.

கேள்வி: ஓவனிலிருந்து எடுக்கும்போது அழகாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் உள்வாங்கி இடுப்பு ஒடுங்கியது போல ஆகிவிடுகிறது.

மென்மையான பிரெட்டுக்கே உரிய தொல்லை இது. வெளியே எடுக்கும்போது உள்ளே நீராவி நிறைந்திருக்கிறது, சுவர்கள் இன்னும் இறுகவில்லை. ஆவி டின்னுக்குள்ளேயே தங்கினால் பக்கங்கள் ஈரம் கோத்துச் சரியும். எடுத்த நொடியே டின்னை 15, 20 செ.மீ. உயரத்திலிருந்து மடித்த துணியின் மேல் ஒருமுறை போடுங்கள். அந்த அதிர்வில் உள்ளிருக்கும் ஆவியில் கொஞ்சம் வெளியேறும். அடுத்த நிமிடமே டின்னிலிருந்து எடுத்துக் கம்பி வலையில் நிமிர்த்தி வையுங்கள்.

இதைச் செய்தும் உள்வாங்கினால் வேக்காடு போதவில்லை என்று அர்த்தம். ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டாம் தடவை அதிகமாக உப்பியிருக்கிறது, அல்லது டின்னுக்கு மாவு அதிகம். இந்த வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

கேள்வி: முட்டை இல்லாமல் செய்யலாமா?

தாராளமாக. முட்டைக்குப் பதில் 40 கிராம் பாலும், கூடுதலாக 5 கிராம் வெண்ணெயும் சேருங்கள். மஞ்சள் கருவில் கொழுப்பையும் நீரையும் பிணைக்கும் லெசித்தின் இருப்பதால் முட்டை சேர்த்தது இன்னும் கொஞ்சம் உயரும், நிறமும் நன்றாக இருக்கும். பால் கூழ் இருக்கும்போது மென்மையில் பெரிய வித்தியாசம் தெரியாது. மேலே பளபளப்புக்கு முட்டை தடவுவதற்குப் பதில் பால் தடவிச் சுட்டு, வெளியே எடுத்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவுங்கள்.

கேள்வி: முழுக்கக் கோதுமை மாவில் இதே மென்மை கிடைக்குமா?

கிடைக்காது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். தவிட்டின் கூரிய துகள்கள் குளூட்டன் சவ்வை அறுக்கும். கால் பங்கு, அதாவது 80 கிராம் முழுக் கோதுமை மாவு சேர்த்தால் மென்மை பெரிதாகக் கெடாது. பாலை 10, 15 கிராம் கூட்டி, கலந்த பின் 20 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் ஓய்வு கொடுங்கள். தவிடு ஊறினால் அறுப்பது குறையும். பாதிக்குப் பாதி போட்டால் உயரம் குறைந்து, வேறு வகை பிரெட்டாகத்தான் வரும். அது அதன் அளவில் நன்றாகவே இருக்கும், இதோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: சூடாக வெட்டினால் கத்தியில் அப்பி, உள்ளே பச்சையாகத் தெரிகிறது. மீந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரே நாளில் விறைத்துவிடுகிறது.

வெந்த பிரெட்டைத்தான் சீக்கிரம் வெட்டியிருக்கிறீர்கள். ஓவனை விட்டு வந்த பிறகும் உள்ளே மாவுச்சத்து இறுகிக்கொண்டேதான் இருக்கும். முழுதாக ஆற இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு பல் வைத்த பிரெட் கத்தியால், அழுத்தாமல் ரம்பம் இழுப்பது போல வெட்டுங்கள். ஆறியதும் வெட்டினால் கத்தியில் ஒட்டவே ஒட்டாது. அப்போதும் ஒட்டினால் மட்டும் அடுத்த முறை வேக்காட்டைக் கூட்டுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி பிரெட்டுக்கு ஆகாது. வெந்தபோது ஈரத்தோடு குழைந்த மாவுச்சத்து, ஆறிய பின் மெல்ல மெல்ல மறுபடி இறுகி ஒழுங்குபடுகிறது. பிரெட் விறைப்பது அதனால்தான். உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிரில் அது மிக வேகமாக நடக்கும். ஆகவே முழுதாக ஆறியதும் காற்றுப் புகாத பையில் போட்டு வெளியிலேயே வையுங்கள், இரண்டு மூன்று நாள் மென்மையாக இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாட்களில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

அதற்கு மேல் வைக்க வேண்டியதைத் துண்டுகளாக வெட்டி, அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. மைனஸ் 18 டிகிரியில் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். எடுத்தவுடன் உறைந்தபடியே டோஸ்டரிலோ தவாவிலோ சூடாக்கலாம். விறைத்துப்போன துண்டையும் 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இறுகிய மாவுச்சத்து மறுபடி தளர்ந்து மென்மை திரும்பும். ஆனால் ஆறியதும் முன்பைவிட வேகமாக விறைக்கும் என்பதால், சாப்பிடும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள்.